இணக்க அடுக்கு (பொறுப்பு)

நுண்கலைத் தேர்வு மன்றத்தில் ஒருவர் இருக்கிறாரா இல்லையா என்பதை அவருடைய நாற்காலியைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆளைப் பார்த்துச் சொல்வது அங்கே வழக்கமில்லை. பதிவாளர் சந்திரமௌலியின் நாற்காலி முதுகில் பூப்போட்ட துவாலை விரித்துக் கிடந்தால் பதிவாளர் இருக்கிறார். கண்காணிப்பாளர் குருபிரசாத் தன் பழைய மூக்குக்கண்ணாடியை மேசைமேல் விரித்து வைத்துவிட்டு, புதியதைப் போட்டுக்கொண்டு லஸ் முனைக்குக் காபி குடிக்கப் போவார். அப்படியே வங்கி, மருந்துக்கடை என்று சுற்றிவிட்டு வருவார். அவ்வளவு நேரமும் கண்ணாடி கோப்பு பார்த்துக்கொண்டிருக்கும்.

நாற்காலியில் எதையும் விட்டுப் போகாத ஒரே ஆள் உதவியாளர் ஜானு. அவள் எழுந்தால் கைப்பையும் கூடவே எழுந்துவிடும். நேர்மை என்று பெரிதாகச் சொல்ல முடியாது. தான் இல்லாத இடத்தில் தன் பொருள் ஒன்று தானாக உட்கார்ந்திருக்கும் என்று நினைத்தால் அவளுக்கு ஒரு மாதிரி இருக்கும். ஏற்கெனவே நான் எங்கேதான் முழுசாக இருக்கிறேன் என்று தோன்றும். உடனே அந்த நினைப்பை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கணினியைத் திறப்பாள்.

பாட்டு, வீணை, பரதம் என்று மாநிலம் முழுக்கப் பிள்ளைகளுக்குத் தேர்வு நடத்துவது மன்றத்தின் வேலை. நுழைவுச் சீட்டு அச்சடிப்பது ஜானுவின் வேலை. அதற்கென்று ‘கலைவாணி’ என்று ஒரு மென்பொருள் இருந்தது. இருபது வருஷத்துக்கு முன்னால் தி.நகரில் யாரோ எழுதிக் கொடுத்தது. ஆயிரக்கணக்கில் சீட்டு அச்சடித்த அவள், இந்த வருஷம் யாருக்கும் சொல்லாமல் ஒரு காரியம் செய்திருந்தாள். வாய்ப்பாட்டு, கீழ்நிலைத் தேர்வுக்குத் தானே விண்ணப்பித்துவிட்டாள். வயது நாற்பத்தாறு.

சனிக்கிழமைதோறும் ஆபீஸில் தணிக்கை என்று வீட்டில் சொல்லிவிட்டு அடையாறில் ஒரு டீச்சரிடம் போய்க்கொண்டிருந்தாள். கூடப் பாடுகிறவர்களுக்கெல்லாம் பத்து, பதினொன்று வயது. சுருதிப் பெட்டி அவர்கள் குரலுக்கு ஐந்தரைக் கட்டையில் இருக்கும். மேல் ஸ்தாயி வரிசை வரும்போது ஜானுவின் குரல் பாதி வழியில் நின்றுவிடும், மாடிப்படியில் மூச்சு வாங்குகிறவள் மாதிரி. “சரியா இருக்கா ஜானு?” என்று டீச்சர் கேட்பாள். “சரியா இருக்கு டீச்சர்” என்பாள் ஜானு.

இப்படி இருக்கும்போதுதான் மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. காசு கொடுத்து உரிமம் வாங்கும் இயங்குதளத்தை எல்லாக் கணினியிலிருந்தும் எடுத்துவிட்டு, கட்டற்ற திறமூல இயங்குதளத்துக்கு மாற வேண்டும். நல்ல யோசனைதான். ஆனால் மன்றத்தில் நல்ல யோசனைகளுக்கு என்று ஒரு நடைமுறை இருந்தது.

முதலில் பழைய இயங்குதளத்துக்குப் பிரிவுபசார விழா எடுத்தார்கள். இருபது வருஷம் பணியாற்றிய எதையும் மாலை போடாமல் அனுப்ப விதியில் இடமில்லை என்று குருபிரசாத் கண்டுபிடித்திருந்தார். ஜானுவின் கணினித் திரைக்குச் சம்பங்கி மாலை விழுந்தது. பதிவாளர் பேசினார்.

“இந்தக் கணினி இத்தனை ஆண்டுகளில் ஒரு நாள் விடுப்பு கேட்டதில்லை. பதவி உயர்வு கேட்டதில்லை. ஆமாம், சில சமயம் திடீரென்று முகமெல்லாம் நீலமாகி, எதுவும் செய்யாமல் அப்படியே நின்றிருக்கிறது. நாம் நிற்கவில்லையா? நம்மை யாராவது ஆஃப் பண்ணி ஆன் பண்ணினார்களா?”

கைதட்டினார்கள். சுண்டல் கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை ராகுகாலம் கழிந்து புதிய இயங்குதளம் வந்து உட்கார்ந்தது.

திங்கட்கிழமை கலைவாணி திறக்கவில்லை. இந்த இயங்குதளத்தில் என்னால் இயங்க முடியாது என்று இங்கிலீஷில் ஒரு வரி சொல்லிவிட்டு மூடிக்கொண்டது. தேர்வுக்கு இரண்டு வாரம்கூட இல்லை. வெளியூர்களிலிருந்து சீட்டு எங்கே என்று தொலைபேசிகள் அடிக்க ஆரம்பித்தன. ஊர்ப் பிள்ளைகள் சீட்டெல்லாம் உள்ளே இருந்தது. அவளுடையதும் அதோடு இருந்தது. இந்த வருஷம் விட்டால் அடுத்த வருஷம் அவளுக்குத் துணிச்சல் வராது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

“கலைவாணிக்கு ஒரு மெமோ கொடுத்துடலாம்” என்றார் குருபிரசாத்.

“யாருக்கு சார்?”

“கலைவாணிக்குத்தான். ஏன் இயங்கலைன்னு மூணு நாளைக்குள்ள விளக்கம் கேட்டு. நாளைக்கு ஆடிட்ல கேட்டா, நடவடிக்கை எடுத்தோம்னு காட்டணுமோல்லியோ?”

மெமோவைத் திரையில் ஒட்டினார்கள். மூன்று நாள் காத்திருந்தார்கள். விளக்கம் வராததால், குற்றச்சாட்டை ஒப்புக்கொண்டதாகக் கருதப்படும் என்று நினைவூட்டல் ஒன்றும் ஒட்டினார்கள். கலைவாணியை எழுதிய நிறுவனத்தைத் தேடிக்கொண்டு குருபிரசாத் தி.நகர் போனார். அந்த மாடியில் இப்போது நைட்டி மொத்த வியாபாரம் நடந்தது. அவர் இரண்டு வாங்கிக்கொண்டு திரும்பினார். கள ஆய்வு முடிந்தது என்று கோப்பில் எழுதினார்.

கடைசியில் ஜானுதான் ராயப்பேட்டையில் கணினி சர்வீஸ் கடை வைத்திருந்த மஹ்விஷைக் கூப்பிட்டாள். முப்பது வயதுக்குள் இருக்கும். தோளில் ஒரு பையும் வாயில் ஒரு ஹால்ஸுமாக வந்து, திரையிலிருந்த மெமோ இரண்டையும் படித்துவிட்டு, “இதுக்குப் பதில் சொல்லலன்னா சஸ்பெண்டா அக்கா?” என்று கேட்டாள். பிறகு உட்கார்ந்தாள். ஹால்ஸ் கரைவதற்குள் கலைவாணி திறந்துகொண்டது.

அறை முழுக்க சங்கடம் பரவியது. ஒரு குழு அமைத்து, உபகுழு அமைத்துப் பார்க்க வேண்டிய வேலையை ஒரு ஹால்ஸில் முடித்தால் அதைக் கோப்பில் எந்தப் பக்கத்தில் எழுதுவது?

“எப்படிம்மா பண்ணே?” என்றார் பதிவாளர்.

“நடுவுல ஒரு ஆள வெச்சுக்கீறேன் சார். இணக்க அடுக்குன்னு சொல்வாங்க. கலைவாணி பழைய வூட்டுக்குப் பழகினது. புது வூட்டுல அடுப்பு எங்க, தண்ணி எங்கன்னு அதுக்குத் தெரியாது. இது பக்கத்துல நின்னுக்கினு, அது கேக்கறத இந்த வூட்டு பாஷைல மாத்திச் சொல்லும். இந்த வூடு சொல்றத அதோட பாஷைல மாத்திச் சொல்லும்.”

“துபாஷி மாதிரி” என்றார் குருபிரசாத்.

“அதேதான். இதுவும் இலவசம்தான் சார்.”

அந்த அடுக்கின் இங்கிலீஷ் பெயரை மஹ்விஷ் சொன்னபோது, அது மதுவிலக்குத் துறையின் கடையில் விற்கும் சரக்கின் பெயர் என்பதால் கோப்பில் எழுதத் தகாதது என்று பதிவாளர் உத்தரவிட்டார்.

ஜானு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்று மாற்றிச் சொல்வது. அவளுக்கு அந்த வேலை தெரியும். நேற்றுகூட மாமியார், “உன் ஆம்படையானுக்கு என்னைப் பத்தி நினைப்பே கிடையாது” என்றாள். ஜானு உள்ளே போய்க் கணவன் சாய்நாத்திடம், “அம்மா உங்களை ரொம்பத் தேடறா” என்றாள். அவன், “எனக்கு வேற வேலை இல்லையாமா” என்றான். திரும்பி வந்து, “இதோ வந்துண்டே இருக்கார் அம்மா” என்றாள். தாயும் பிள்ளையும் பல வருஷங்களாக ஒருவரையொருவர் மிகவும் மென்மையானவர் என்று நம்பி வாழ்கிறார்கள்.

“அது சரி, கலைவாணி எப்படி ஒத்துக்கறது? பழைய இயங்குதளம் இல்லைன்னு அதுக்குத் தெரியாதா?” குருபிரசாத் விடவில்லை.

“கேக்கும் சார். நீ அந்தப் பழைய சிஸ்டம்தானேன்னு கேக்கும். இது ஆமான்னுடும். அவ்ளோதான்.”

“இல்லாததை ஆமாங்கறதா?”

“ஆமா.”

“அரசு அலுவலகத்துக்குள்ளயா?” என்றார் பதிவாளர். அவருடைய கை அனிச்சையாகத் துவாலையைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

மறுநாளே விழிப்புப் பணி அதிகாரி ராகவேந்திரன் வந்தார். ஆள்மாறாட்டம் பற்றி விசாரணை. கணினிக்கு எதிரே நாற்காலி போட்டு, துபாஷியின் பெயர், தகப்பனார் பெயர், பணியில் சேர்ந்த நாள் எல்லாம் கேட்டு, பதில் வராத இடங்களில் ‘மௌனம்’ என்று எழுதிக்கொண்டார். பிறகு எல்லோரையும் கூட்டிவைத்துப் பேசினார். குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது.

“நான் பொய்யே கூடாதுன்னு சொல்றவன் இல்லை. முப்பது வருஷம் சர்வீஸ். ஆனா பொய்க்கு ஒரு படிநிலை இருக்கு. கீழே இருக்கறவர் எழுதணும். நடுவுல இருக்கறவர் சரிபார்த்தேன்னு கையெழுத்துப் போடணும். மேலே இருக்கறவர் நம்பணும். நாளைக்கு வெளியில வந்தா யாரைக் கேக்கறதுன்னு ஒரு பேர் இருக்கணும். இந்தத் துபாஷி தானாவே சொல்றது, உடனே சொல்றது, கையெழுத்தே இல்லாம சொல்றது. நாளைக்கு மக்கள் என்ன நினைப்பா? இவ்வளவு சுலபமா முடியற வேலைக்கு இத்தனை பேர் எதுக்குன்னு நினைக்க மாட்டாளா?”

குருபிரசாத் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

தீர்வு அவரே சொன்னார். துபாஷி வேலை செய்யட்டும். ஆனால் ‘ஆமாம்’ என்பதை மட்டும் பணியாளர் எண் உள்ள ஒரு மனிதர் சொல்ல வேண்டும். கலைவாணி ஒவ்வொரு முறை கேட்கும்போதும் கேள்வி திரையில் வரும். நீ பழைய இயங்குதளமா? ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்கள். ஒருவர் உட்கார்ந்து ஆம் என்பதை அழுத்த வேண்டும்.

“யாரைப் போடறது?” என்றார் குருபிரசாத், ஏற்கெனவே ஜானுவைப் பார்த்துக்கொண்டு.

“இதிலே யோசிக்க என்ன இருக்கு?” பதிவாளர் மனதாரச் சொன்னார். “ஜானு இருபத்திரண்டு வருஷமா யார்கிட்டயும் இல்லைன்னு சொல்லி நான் கேட்டதில்லை.”

பாராட்டு மாதிரிதான் இருந்தது. ஜானுவும் பழக்கத்தில், “சரி சார்” என்றாள்.

ஆணை வந்தது. இணக்க அடுக்கு என்று பணியிடம் எதுவும் அனுமதிக்கப்படாததால், கூடுதல் பொறுப்பு. மேசையில் பலகை வைத்தார்கள்: ‘இணக்க அடுக்கு (பொறுப்பு)’. அவளுடைய பெயருக்கு அதில் இடம் போதவில்லை.

மஹ்விஷ் வந்து, சொன்னபடி மாற்றிக் கொடுத்தாள். போகும்போது பலகையைப் பார்த்து, “யா அல்லா” என்றாள்.

ஜானு அழுத்தினாள். நீ பழைய இயங்குதளமா? ஆம். ஒரு சீட்டு வரும். நீ பழைய இயங்குதளமா? ஆம். கும்பகோணத்துப் பெண் ஒருத்தியின் படம், இரட்டைப் பின்னல். ஆம். தூத்துக்குடிப் பையன், கண்ணை மூடிக்கொண்டு படம் எடுத்திருந்தான். ஆம். விரலுக்குப் பழகியபின் மனசு எங்கெங்கோ போயிற்று. ஒரு தடவை, வெறுமே, இல்லை என்பதை அழுத்தினால் என்ன ஆகும் என்று நினைத்தாள். விரல் அந்தப் பக்கம் போகவே இல்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் அச்சு இயந்திரம் அவளுடைய முகத்தைத் துப்பியது. ஜானகி, வாய்ப்பாட்டு, கீழ்நிலை. அடையாறில் ஒரு பள்ளிக்கூடம், ஞாயிறு காலை. சுற்றிலும் பார்த்துவிட்டு அதைச் சாப்பாட்டுப் பைக்குள், எலுமிச்சை சாதத்து டப்பாவுக்கு அடியில் வைத்தாள். பஸ்ஸில் போகும்போது இரண்டு முறை தொட்டுப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை இன்னொரு ஆணை வந்தது. தேர்வு நடக்கும் ஞாயிறு முழுவதும் மையங்களிலிருந்து வருகைப் பதிவு கலைவாணிக்கு வந்துகொண்டே இருக்கும். ஆகவே அடுக்கு காலை முதல் மாலை வரை இருக்கையில் இருக்க வேண்டும். பதிவாளரும் தன் அறையிலிருந்து நேரடியாகக் கண்காணிப்பார். ராகவேந்திரன் அன்று பதினோரு மணிக்குத் திடீர்ச் சோதனைக்கு வருவார்.

ஜானு பதிவாளர் அறைக்குப் போனாள்.

“சார், ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு வேணும்.”

“உங்களுக்கா, அடுக்குக்கா?”

“எனக்குத்தான் சார்.”

“உங்களுக்கு ஞாயிறு லீவுதானே. நான் தடுக்கலையே. அடுக்குக்குத்தான் டியூட்டி. அடுக்குக்கு லீவு விதி இன்னும் வகுக்கலை. எழுதிக் கொடுங்கோ, மேலே அனுப்பறேன். ஒரு வருஷத்துல பதில் வந்துடும்.” பிறகு, மனுஷத்தன்மையோடு கேட்டார். “என்ன, ஆத்துல விசேஷமா?”

சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. சார், நான் பாடப் போகிறேன். இந்த வாக்கியத்தை இந்த அறைக்குள் சொன்னால் அது என்னவாக மாறும் என்று யோசித்தாள். “ஆமா சார், விசேஷம்தான்” என்றாள்.

“பாத்து அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கோ. உங்களுக்குச் சொல்லணுமா?”

இருக்கைக்கு வந்தபோது, அச்சு இயந்திரத்துக்கு மை மாற்ற மஹ்விஷ் வந்திருந்தாள். ஜானுவின் முகத்தை ஒரு பார்வை பார்த்தாள்.

“இன்னாக்கா, மூஞ்சி ஏன் இப்டி கீது?”

ஜானு சாப்பாட்டுப் பையிலிருந்து சீட்டை எடுத்துக் காட்டினாள். அதை வெளியில் எடுத்துக் காட்டியது அதுதான் முதல் தடவை. மஹ்விஷ் படத்தையும் அவளையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். சிரிக்கப் போகிறாள் என்று ஜானு காத்திருந்தாள்.

“பாட்டா? செம. அப்போ போங்க.”

“எப்படிப் போறது? யார் ஆமான்னு அழுத்தறது?”

மஹ்விஷ் குரலைத் தாழ்த்தினாள். “அக்கா, அந்த ஆளை நான் எங்க துரத்தினேன்? வாயைத்தான் கட்டி வெச்சுக்கீறேன். இதோ, இந்தக் கட்டத்துல ஒரு டிக் போட்டீங்கன்னா அதுவே ஆமான்னு சொல்லிக்கும். எப்பவும் போல.”

“ராகவேந்திரன் வந்து பாத்தா?”

“வந்து இன்னாத்தப் பாப்பாரு? இங்க எல்லாரும் இன்னாத்தப் பாக்கறாங்க?” என்று சொல்லிவிட்டு மஹ்விஷ் திறந்திருந்த கதவு வழியாகப் பதிவாளர் அறையைப் பார்த்தாள். பதிவாளர் கிளம்பிப் போயிருந்தார். துவாலை இருந்தது.

ஞாயிறு காலை ஜானு ஆபீஸுக்கு வந்தாள். கலைவாணியைத் திறந்தாள். பர்ஸையும் சீட்டையும் எடுத்துக்கொண்டு கைப்பையை நாற்காலியில் வைத்தாள். அது சாய்ந்தது. நிமிர்த்தி வைத்தாள். தண்ணீர் பாட்டிலின் மூடியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தாள், இப்போதுதான் குடித்துவிட்டு வைத்தது போல. கட்டத்தில் டிக் போட்டாள். கேள்விகள் வர வர, ஆம், ஆம் என்று திரை தானாகவே ஓடியது. அவளைவிட வேகமாக. வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தாள். கைப்பை நன்றாகவே உட்கார்ந்திருந்தது. அவளைவிட நிம்மதியாக இருக்கிற மாதிரிகூடத் தோன்றியது.

மெட்ரோவுக்காகத் தோண்டிப்போட்டிருந்த லஸ்ஸைச் சுற்றிக்கொண்டு, மந்தைவெளி வழியாக ஆட்டோ அடையாறு போய்ச் சேர்ந்தது. பள்ளிக்கூட வராந்தா முழுக்கப் பட்டுப்பாவாடைகள். பெஞ்சு ஓரத்தில், பிங்க் நிறத் தண்ணீர் பாட்டிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஒரு சின்னப் பெண்ணின் தலையில் நழுவிய பூவைக் குத்திக்கொண்டிருந்தார் பதிவாளர் சந்திரமௌலி.

இருவரும் பார்த்துக்கொண்டார்கள். வராந்தாவில் பத்துப் பிள்ளைகள் பத்து சுருதியில் ஒரே வரியைப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

பதிவாளர் தொண்டையைச் செருமினார். “நான் ஆபீஸ்ல இருக்கேன்” என்றார்.

“நானும்தான் சார்” என்றாள் ஜானு.

அவர் யோசித்தார். கணக்கு சரியாக வந்தது போலிருந்தது. “பேத்தி” என்றார், பெண்ணைக் காட்டி. “யாராவது கூட வரணுமோல்லியோ.” பிறகு அவள் கையிலிருந்த சீட்டைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். எதுவும் கேட்காமல், பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

உள்ளே தேர்வாளர் ஒரு வயதான அம்மாள். “குழந்தை எங்கே?” என்றாள்.

“நான்தான் மாமி.”

அம்மாள் ஆச்சரியப்படவில்லை. சுருதிப் பெட்டியைத் திருகினாள். ஐந்தரை. “மேல் ஸ்தாயி வரிசை பாடுங்கோ. சரியா இருக்கா சுருதி?”

சரியா இருக்கு என்று சொல்ல ஜானுவின் நாக்கு கிளம்பிவிட்டது. அதற்குள், லஸ் பக்கத்துச் சந்தில் ஒரு மேசைமேல் அதே நொடியில் ஆம், ஆம் என்று சொல்லிக்கொண்டிருக்கும் கணினி நினைவுக்கு வந்தது. அங்கே போதுமான ஆம் சொல்லப்பட்டுக்கொண்டிருக்கிறது. இங்கேயும் எதற்கு?

“இல்லை மாமி. இது எனக்கு எட்டாது.”

“உங்களுக்கு எது?”

“தெரியலை. கேட்டுப் பார்த்ததில்லை.”

அம்மாள் பெட்டியை அவள் பக்கம் தள்ளினாள். ஜானு மெதுவாகத் திருகினாள். ஐந்து. நாலரை. நாலு. அங்கே வந்ததும் அடிவயிற்றில் ஏதோ ஒன்று, வெகுநேரம் நின்ற பிறகு பஸ்ஸில் இடம் கிடைத்தவள் மாதிரி, உட்கார்ந்துகொண்டது. பாடினாள். மேலே போகும்போது குரல் கொஞ்சம் நடுங்கியது. ஆனால் போயிற்று.

திங்கட்கிழமை பதிவாளர் அவளைக் கூப்பிட்டார். மேசையில் ராகவேந்திரனின் சோதனை அறிக்கை இருந்தது. படித்துக் காட்டினார்.

“பதிவாளரும் இணக்க அடுக்கும் சோதனை நேரத்தில் தத்தம் இருக்கையில் இருந்தனர். சோதனை அலுவலர் ஒரு மணி நேரம் காத்திருந்து கவனித்ததில், இருவரும் எழுந்து வெளியே செல்லவோ, தொலைபேசியில் பேசவோ, அரட்டை அடிக்கவோ இல்லை. அடுக்கின் வேகம் முந்தைய நாட்களைவிடக் கூடியிருந்தது. பிற அலுவலகங்களுக்கு முன்மாதிரியாகப் பரிந்துரைக்கப்படுகிறது.”

மடித்து வைத்தார்.

“பேத்திக்கு மேல் ஸ்தாயி போகலை” என்றார் பதிவாளர்.

“சுருதியைக் கொஞ்சம் இறக்கச் சொல்லுங்கோ சார்.”

“ம்.” ஒரு காகிதத்தை நகர்த்தினார். “அடுத்த ஞாயிறு மதிப்பெண் ஏத்தணும். அடுக்கு வரணும்னு ஆர்டர் போட்டிருக்கேன். வந்துடுங்கோ.”

“இல்லை சார்” என்றாள் ஜானு. “என்னால வர முடியாது.”

இந்த வார்த்தையை இந்தக் குரலில் அவர் கேட்டதில்லை, அவளும்தான். பதிவாளர் பின்னால் சாய்ந்தார். துவாலை தோளில் பட்டது. அதைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவள் தோளில் தொங்கிய கைப்பையைப் பார்த்தார்.

“பை வருமா?” என்று கேட்டார்.

“பை வரும் சார்.”

பதிவாளர் கையெழுத்துப் போட்டார்.